வானூர்தி நிலையங்களுக்கு இடையிலான தொலைவும் பயண நேரமும்

வான்வழித் தொலைவு என்பது இரண்டு வானூர்தி நிலையங்களுக்கு (விமான நிலையங்களுக்கு) இடையே புவியின் மேற்பரப்பை ஒட்டி அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவு ஆகும். பயண நேரம் என்பது அத்தொலைவை வானூர்தி கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும் முதல் அளவிலிருந்து இரண்டாவது அளவு நேரடியாகக் கிடைத்துவிடுவதில்லை. தொலைவு புவியின் வடிவத்தால் முடிவாகும் நிலையான அளவு. நேரமோ வானூர்தியின் வகை, காற்று, ஓடுதளத்தின் திசை, நிலையத்தின் நெரிசல், பயணி நிலையத்தை வந்தடைய ஆகும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறக்கூடியது. தொலைவு குறையக் குறைய, மொத்தப் பயண நேரத்தில் பறக்கும் நேரத்தின் பங்கும் குறைந்துவிடுகிறது.

இக்கட்டுரையில் தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய நகரங்களிலிருந்து மேற்கொள்ளப்படும் பயணங்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. இவ்விரு நகரங்களிலும் பயணிகள் வானூர்தி நிலையம் இல்லை. இங்குள்ளவர்கள் பெரும்பாலும் மதுரை வானூர்தி நிலையத்தைப் பயன்படுத்துகின்றனர்.

பெருவட்டம்

புவி ஏறத்தாழ உருண்டை வடிவமானது. ஆகவே அதன் மேல் உள்ள இரண்டு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைக்க இயலாது. வில் ஒன்றினால்தான் இணைக்க முடியும். புவியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்டு, அவ்விரு புள்ளிகளின் வழியாகச் செல்லும் வட்டம் பெருவட்டம் எனப்படும். அவ்வட்டத்தின் குறுகிய வில்லே இரு புள்ளிகளுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழியாகும். தட்டையான உலகப் படத்தில் நீண்ட வான்வழிகள் வளைந்து காணப்படுவது இதனாலேயே.

புவியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. ஆகும். இதன்படி பெருவட்டத்தில் ஒரு பாகை என்பது 111.2 கி.மீ. நீளம் கொண்டது. ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால், ஒரு கலையின் நீளம் ஏறத்தாழ ஒரு கடல் மைல் ஆகும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என வரையறுக்கப்பட்டுள்ளது. மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேகம் ஒரு நாட் எனப்படும். கப்பல்களைப் போலவே வானூர்திகளும் தொலைவைக் கடல் மைலிலும் வேகத்தை நாட்டிலும் அளக்கின்றன.

புவி முழுமையான கோளம் அன்று. அதன் நடுவரை ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. ஆகும். கோளமாகக் கருதிக் கணிப்பதால் அரை விழுக்காடு வரை பிழை நேரலாம். மிகத் துல்லியமான கணிப்புக்கு, 1975 ஆம் ஆண்டில் தாடியசு வின்சென்ட்டி வெளியிட்ட நீள்கோள முறை போன்றவை பயன்படுத்தப்படுகின்றன. பயணத் திட்டத்துக்குக் கோளக் கணிப்பே போதுமானது. அதற்கு உதவும் ஏவர்சைன் வாய்பாட்டின் பெயர், 1835 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் இன்மன் என்னும் ஆங்கிலேயரின் கப்பலோட்டும் கலை நூலில் இடம்பெற்றது.

எடுத்துக்காட்டு: மதுரை – சென்னை

சில நூறு கிலோமீட்டர் வரையிலான தொலைவுகளைப் பள்ளி மாணவர்கள் அறிந்த பித்தாகரசு தேற்றத்தைக் கொண்டே கணிக்கலாம். இரு நிலையங்களின் அமைவிடங்கள் பின்வருமாறு:

* மதுரை: அகலாங்கு (அட்சரேகை) 9.83° வடக்கு, நெட்டாங்கு (தீர்க்கரேகை) 78.09° கிழக்கு
* சென்னை: அகலாங்கு 12.99° வடக்கு, நெட்டாங்கு 80.17° கிழக்கு

அகலாங்குகளின் வேறுபாடு 3.16 பாகை. இதை 111.2 ஆல் பெருக்கினால் வடக்கு நோக்கிய தொலைவு 351 கி.மீ. எனக் கிடைக்கிறது. நெட்டாங்குகளின் வேறுபாடு 2.08 பாகை. நெட்டாங்குக் கோடுகள் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குவதால், இதைச் சராசரி அகலாங்கின் (11.4°) கோசைன் மதிப்பாகிய 0.98 ஆல் பெருக்குதல் வேண்டும். அவ்வாறு பெருக்கிய பின் கிழக்கு நோக்கிய தொலைவு 227 கி.மீ. ஆகிறது. இவ்விரு தொலைவுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் விடை 418 கி.மீ., அதாவது சுமார் 226 கடல் மைல் ஆகும்.

தொடருந்து வழியாக மதுரையிலிருந்து சென்னை எழும்பூருக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ 490 கி.மீ. ஆகும். இருப்புப்பாதை திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, விழுப்புரம் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்வதே இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம்.

இதே முறையில் கணித்தால் மதுரையிலிருந்து கொழும்பு (கட்டுநாயக்கா) வானூர்தி நிலையம் 355 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. அதாவது மதுரைக்குத் தன் மாநிலத் தலைநகரைவிட அண்டை நாட்டின் முதன்மை வானூர்தி நிலையம் அருகில் உள்ளது. மதுரை – கொழும்பு நேரடிச் சேவை 2012 ஆம் ஆண்டில் தொடங்கியது.

இராஜபாளையத்துக்கு அருகிலுள்ள நிலையங்கள்

இராஜபாளையத்திலிருந்து மூன்று வானூர்தி நிலையங்களுக்கு உள்ள நேர்த்தொலைவும், அந்நிலையங்களிலிருந்து சென்னைக்கு உள்ள வான்வழித் தொலைவும் கணிப்பின்படி பின்வருமாறு அமையும்:

* மதுரை: நேர்த்தொலைவு 73 கி.மீ.; அங்கிருந்து சென்னைக்கு 418 கி.மீ.
* தூத்துக்குடி: நேர்த்தொலைவு 96 கி.மீ.; அங்கிருந்து சென்னைக்கு 529 கி.மீ.
* திருவனந்தபுரம்: நேர்த்தொலைவு 129 கி.மீ.; அங்கிருந்து சென்னைக்கு 614 கி.மீ.

நேர்த்தொலைவு எவ்வளவு தூரம் பயன்படும் என்பது நிலத்தின் அமைப்பைப் பொறுத்தது. மதுரை நோக்கிய நிலம் பெரும்பாலும் சமவெளியாகும். திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை (எண் 744) இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், தே. கல்லுப்பட்டி வழியாகத் திருமங்கலத்தை அடைகிறது. ஆகவே சாலைத் தொலைவு நேர்த்தொலைவைவிட மிக அதிகமன்று. வானூர்தி நிலையம் வரை ஏறத்தாழ 80 முதல் 85 கி.மீ. ஆகும். நிலையம் மதுரை நகருக்குத் தெற்கே அமைந்துள்ளதால், கப்பலூர் அருகே சுற்றுச்சாலையில் திரும்பினால் நகருக்குள் நுழையாமலேயே செல்லலாம்.

திருவனந்தபுரத்தின் நிலை வேறு. இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கிடுகிறது. இராஜபாளையத்துக்கு மேற்கேயுள்ள மலைப்பகுதி, 2021 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அதன் குறுக்கே நெடுஞ்சாலை இல்லை. செங்கோட்டைக்குத் தெற்காக வந்து ஆரியங்காவு கணவாய் வழியாகவே மலையைக் கடக்க வேண்டும். நேர்த்தொலைவை மட்டும் காட்டும் கணிப்பில் இம்மலை தென்படுவதில்லை.

உண்மையில் பறக்கும் தொலைவு

வானூர்திகள் பெருவட்ட வில்லின் மீது அப்படியே பறப்பதில்லை. மதுரையிலிருந்து பார்க்கும்போது சென்னை, வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 33 பாகை திரும்பிய திசையில் உள்ளது. ஆனால் மதுரையின் ஓடுதளம் கிழக்கு மேற்காக அமைந்துள்ளது. வானூர்திகள் எதிர்க்காற்றில் மேலெழுவதே பாதுகாப்பானது என்பதால், காற்று மேற்கிலிருந்து வீசும்போது வானூர்தி மேற்கு நோக்கி எழும்பி, பின்னர் வளைந்து வடகிழக்காகத் திரும்ப வேண்டியுள்ளது. சென்னையிலும் தரையிறங்கும் முன் ஓடுதளத்தின் திசைக்கு ஏற்பத் திரும்பி வரிசையில் சேர வேண்டும். இவற்றுடன், வானூர்திகள் வகுக்கப்பட்ட வான்தடங்களையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் ஆணைகளையும் பின்பற்றுகின்றன. இக்காரணங்களால் பறந்த தொலைவு கணித்த தொலைவைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

பறக்கும் நேரம்

தாரைப் பொறி (ஜெட்) வானூர்தி ஒன்று உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். சுழல்தாரைப் பொறியும் சுழலியும் கொண்ட ஏடிஆர் 72 வகை வானூர்தியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. ஆகும். 418 கி.மீ. தொலைவை 830 ஆல் வகுத்தால் 30 நிமிடங்கள் கிடைக்கின்றன. ஆனால் எந்த வானூர்தியும் மதுரையிலிருந்து சென்னைக்கு 30 நிமிடங்களில் செல்வதில்லை.

இதற்குக் காரணம், வானூர்தி தன் முழு வேகத்தில் பறப்பது வழியின் ஒரு பகுதியில் மட்டுமே என்பதாகும். 10,000 அடி உயரத்துக்குக் கீழே வேகம் பொதுவாக 250 நாட் (மணிக்கு 463 கி.மீ.) என்ற வரம்புக்குள் வைக்கப்படுகிறது. மேலேறுவதற்கும் கீழிறங்குவதற்கும் தலா 15 முதல் 20 நிமிடங்கள் வரை ஆகும். குறுகிய வழிகளில் மேலேறி முடித்த சிறிது நேரத்திலேயே கீழிறங்கத் தொடங்க வேண்டியுள்ளது.

ஆகவே தொலைவு கணிக்கும் நிரல்கள் பெரும்பாலும் ஓர் எளிய வாய்பாட்டைக் கையாளுகின்றன:

நேரம் = (தொலைவு ÷ சராசரி வேகம்) + 30 நிமிடங்கள்

சராசரி வேகத்தை மணிக்கு 800 கி.மீ. எனக் கொண்டால் மதுரை – சென்னை நேரம் 31 + 30 = 61 நிமிடங்கள் ஆகிறது. மணிக்கு 500 கி.மீ. எனக் கொண்டால் 50 + 30 = 80 நிமிடங்கள் ஆகிறது. வேகம் 60 விழுக்காடு கூடினாலும் நேரம் கால் பங்குக்கும் குறைவாகவே மிச்சமாகிறது என்பது கவனிக்கத்தக்கது.

எவ்வகை வானூர்தி இயக்கப்படும் என்பதை ஓடுதளத்தின் நீளமும் தீர்மானிக்கிறது. தூத்துக்குடியில் ஓடுதளம் ஏறத்தாழ 1,350 மீட்டர் நீளமே இருந்த காலத்தில் ஏடிஆர் போன்ற சிறிய வானூர்திகளே அங்கு வந்து சென்றன. பின்னர் அது 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டது. புதிய முனையக் கட்டடம் 2025 ஆம் ஆண்டு சூலை மாதம் திறந்துவைக்கப்பட்டது.

காற்றின் பங்கு

வானூர்தி காற்றுக்குள் பறக்கிறது. காற்றோ தரையின் மீது நகர்கிறது. வானூர்தி தரையைக் கடக்கும் வேகம் தரைவேகம் எனப்படும். பின்காற்று வீசினால் தரைவேகம் கூடும். எதிர்க்காற்று வீசினால் குறையும்.

மதுரை – சிங்கப்பூர் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 3,010 கி.மீ. ஆகும். மணிக்கு 830 கி.மீ. வேகமுள்ள வானூர்திக்கு மணிக்கு 50 கி.மீ. பின்காற்று கிடைத்தால், தொடக்க, இறுதிக் கட்டங்கள் நீங்கலாக 3 மணி 25 நிமிடங்கள் ஆகும். அதே காற்று எதிர்த்து வீசினால் 3 மணி 52 நிமிடங்கள் ஆகும். போகும்போது கிடைக்கும் ஆதாயமும் வரும்போது நேரும் இழப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை. எதிர்க்காற்றில் வானூர்தி அதிக நேரம் பறப்பதால் இழப்பே சற்று மிகும்.

தென்னிந்தியாவுக்கு மேலே ஏறத்தாழ 12 முதல் 16 கி.மீ. உயரத்தில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலுவான காற்றோட்டம் வீசுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று எனப்படும் இதனை 1950களில் இந்திய வானிலையியலாளர் பி. கோட்டீசுவரம் விளக்கினார். அதிக உயரத்தில் பறக்கும் நெடுந்தொலைவு வானூர்திகளை இது பாதிக்கும். மதுரை – சென்னை போன்ற குறுகிய வழிகளில் பறக்கும் உயரம் குறைவு என்பதால் இதன் தாக்கமும் குறைவே.

அட்டவணை நேரம்

பயணச்சீட்டில் காணப்படும் நேரம் வானில் இருக்கும் நேரம் அன்று. வானூர்தி நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்குவதிலிருந்து மறுமுனையில் நிறுத்தப்படும் வரையிலான நேரமே அது. இது பிளாக் நேரம் எனப்படும். சக்கரங்களுக்கு முன் வைக்கப்படும் தடைக்கட்டைகளை அகற்றுவது முதல் மீண்டும் வைப்பது வரையிலான நேரம் என்பதே இப்பெயருக்குக் காரணம். இதில் ஓடுதளம் வரை நகரும் நேரமும், வரிசையில் நிற்கும் நேரமும், வானில் வட்டமிடும் வாய்ப்புக்காகச் சேர்க்கப்படும் சில நிமிடங்களும் அடங்கும். இதனால் வானில் 50 நிமிடங்களே பறக்கும் சேவைக்கும் அட்டவணையில் 1 மணி 10 அல்லது 15 நிமிடங்கள் தரப்படுகின்றன.

நேர வலயம்

வெவ்வேறு நேர வலயங்களில் உள்ள நிலையங்களுக்கு இடையே, சீட்டில் உள்ள புறப்பாட்டு, வருகை நேரங்களைக் கழித்துப் பயண நேரத்தைக் கண்டறிய இயலாது. அட்டவணையில் அந்தந்த ஊரின் நேரமே குறிக்கப்படும். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடங்கள் முன்னதாக உள்ளது. இலங்கை நேரம் 1996 முதல் 2006 வரை இந்திய நேரத்திலிருந்து வேறுபட்டிருந்தது. 2006 ஏப்ரலில் இலங்கை மீண்டும் இந்திய நேரத்துக்கு ஒத்த நேரத்தை ஏற்றுக்கொண்டதால், மதுரை – கொழும்புப் பயணத்தில் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

வாய்பாட்டின் எல்லை

மேற்கண்ட வாய்பாட்டை எந்த இரு ஊர்களுக்கும் பொருத்திவிட முடியும் என்பதே அதன் குறையாகும். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலான நேர்த்தொலைவு 11 கி.மீ. இதை வாய்பாட்டில் இட்டால் பறக்கும் நேரம் ஏறத்தாழ 31 நிமிடங்கள் என்ற விடை வரும். இதில் பறப்பதற்கான பங்கு 1 நிமிடத்துக்கும் குறைவு. மீதி 30 நிமிடங்கள் மேலேறி இறங்குவதற்காகச் சேர்க்கப்பட்டவை. இரு ஊர்களிலும் வானூர்தி நிலையம் இல்லை என்பதை வாய்பாடு அறியாது. பேருந்தில் செல்பவர் ஏறத்தாழ அதே நேரத்தில் ஊர் சேர்ந்துவிடுவார்.

விடை பிழையற்ற கணக்கிலிருந்து வந்தது என்பதால் மட்டுமே அது பொருளுடையது ஆகிவிடாது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

வாசலிலிருந்து வாசல் வரை

பயணிக்குத் தேவையானது ஒரு வீட்டின் வாசலிலிருந்து மற்றொரு வாசல் வரையிலான நேரம். இராஜபாளையத்திலிருந்து மதுரை வழியாகச் சென்னை சென்ட்ரலை அடையும் பயணத்தை எடுத்துக்காட்டாகப் பின்வருமாறு மதிப்பிடலாம்:

* மதுரை வானூர்தி நிலையம் வரை சாலைப் பயணம்: 1 மணி 45 நிமிடங்கள்
* பாதுகாப்புச் சோதனையும் காத்திருப்பும்: 1 மணி 45 நிமிடங்கள்
* அட்டவணைப்படியான வானூர்திப் பயணம்: 1 மணி 15 நிமிடங்கள்
* இறங்கிப் பைகளைப் பெறுதல்: 30 நிமிடங்கள்
* மீனம்பாக்கத்திலிருந்து மெட்ரோ தொடருந்தில் சென்ட்ரல்: 45 நிமிடங்கள்
* மொத்தம்: 6 மணி நேரம்

இதில் வானில் இருப்பது ஏறத்தாழ 50 நிமிடங்கள், அதாவது ஏழில் ஒரு பங்கு. வானூர்தியின் வேகம் இரு மடங்கானாலும் மொத்த நேரத்தில் அரை மணி நேரம்கூடக் குறையாது. சாலையைச் சீராக்குவதும், நிலையத்தை நகருடன் இணைப்பதும் அதைவிட மிகுந்த பயன் தரும். சென்னை வானூர்தி நிலையத்துக்கு மெட்ரோ தொடருந்து 2016 செப்டம்பரில் வந்தது இத்தகைய ஓர் இணைப்பாகும்.

இதனோடு சேர்க்க வேண்டிய மற்றொரு கூறு, அடுத்த வானூர்திக்காகக் காத்திருக்கும் நேரம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு சேவை எனில், எதிர்பாராமல் புறப்படுபவர் சராசரியாக 2 மணி நேரம் காத்திருக்க நேரிடும். நாளுக்கு ஒரே சேவை எனில் சராசரிக் காத்திருப்பு 12 மணி நேரம். அவ்விடத்தில் பறக்கும் நேரம் பொருட்டே அன்று.

தொடருந்துடன் ஒப்பீடு

செங்கோட்டை – சென்னை பொதிகை விரைவுத் தொடருந்து இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்களிலும் நின்று செல்கிறது. இரவு முழுவதும் ஓடி மறுநாள் காலையில் சென்னையை அடையும் இப்பயணத்துக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். நேரக் கணக்கில் வானூர்தி 4 மணி நேரம் முந்துகிறது. ஆனால் தொடருந்தின் நேரம் உறக்கத்தில் கழிவது. வானூர்தியின் 6 மணி நேரம் பெரும்பாலும் பகலில் செலவாவது. ஆகவே முன்கூட்டியே திட்டமிட்ட பயணத்துக்குத் தொடருந்தும், அன்றே சென்று சேர வேண்டிய பயணத்துக்கு வானூர்தியும் பொருத்தமாகின்றன.

அவசரப் பயணத்தில் கணக்கு

துல்லியமான மதிப்பீடு மிகவும் தேவைப்படுவது அவசரக் காலங்களில் ஆகும். வீட்டில் ஒருவர் இறந்த செய்தி கேட்டுச் சிங்கப்பூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்படும் மகன் எப்போது வந்து சேர்வார் என்பதைக் கொண்டே இறுதிச் சடங்குக்கு நேரம் குறிக்கப்படுகிறது. 3,010 கி.மீ. தொலைவுக்கு வாய்பாடு தரும் விடை ஏறத்தாழ 4 மணி 15 நிமிடங்கள். நேரடிச் சேவையில் உடனே இடம் கிடைத்துவிட்டது எனக் கொண்டாலும், சிங்கப்பூரில் வீட்டிலிருந்து நிலையம் வரை 1 மணி, அங்கு காத்திருப்பு 3 மணி, வானூர்தியில் 4 மணி 15 நிமிடங்கள், மதுரையில் குடிவரவு, சுங்கச் சோதனைகளுக்கு 1 மணி, சாலைப் பயணம் 1 மணி 30 நிமிடங்கள் என மொத்தம் 10 மணி 45 நிமிடங்கள் ஆகின்றன. சிங்கப்பூர் நேரப்படி காலை 6 மணிக்குப் புறப்பட்டவர் அவ்வூர் நேரப்படி மாலை 4.45 மணிக்கு, அதாவது இந்திய நேரப்படி பிற்பகல் 2.15 மணிக்கு வீட்டை அடைவார். நான்கேகால் மணி நேரத்தை மட்டும் கணக்கில் கொண்டு, இந்திய நேரத்தையும் கழித்துப் பார்ப்பவர்கள் காலை 8 மணிக்கே அவரை எதிர்பார்த்துவிடக்கூடும்.

ஆகவே வான்வழித் தொலைவையும் அதிலிருந்து பெறப்படும் நேரத்தையும் பயணத்தின் ஒரு பகுதிக்கான அளவாகவே கொள்ளுதல் வேண்டும். அதன் இரு முனைகளிலும் சாலை நேரம், காத்திருப்பு நேரம், நேர வலய வேறுபாடு ஆகியவற்றைச் சேர்த்த பின்னரே முழுப் பயண நேரம் கிடைக்கும்.